அயோவாவில் புதிதாக நிலம் வாங்கியவர்களுக்கு: சரிவு நிலத்தை அரசுக்குக் குத்தகை விடும் வழி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தெற்கே மிசூரி எல்லையை ஒட்டி ரிங்கோல்ட் கவுண்டி என்ற மாவட்டம் இருக்கிறது. கவுண்டி முழுவதிலும் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தலைநகரான மவுண்ட் அயர் ஒரு சிற்றூர்தான். வட அயோவாவின் தட்டையான கருமண் பரப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஏறி இறங்கும் மேடுகள், சரிவுகளில் மெல்லிய மேல்மண், அதற்கு அடியில் பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண். மக்காச்சோளமோ சோயாவோ விதைத்த சரிவில், பயிர் தழைப்பதற்கு முன் ஒரு பெருமழை அடித்தால், மேல்மண் கரைந்து ஓடையில் கலந்துவிடும்.

இப்படிப்பட்ட சரிவைப் பயிரிடாமல் புல்லும் பூச்செடிகளும் விதைத்து மூடி வைத்தால், அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் பணம் தருகிறது. நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் என்பது அதன் பெயர், சுருக்கமாக சி.ஆர்.பி. 1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வேளாண் சட்டத்தில் இது பிறந்தது. அப்போது தானியம் தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்திருந்தது. விவசாயிகள் கடனில் தத்தளித்தார்கள். மண்ணையும் காக்க வேண்டும், விளைச்சலையும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்ற இரண்டு நோக்கங்கள் அந்தச் சட்டத்தில் சேர்ந்தன. 2007இல் நாடு முழுவதும் 3.68 கோடி ஏக்கர் இதில் இருந்தது. பிறகு தானிய விலை ஏறியதும் பலர் நிலத்தை உழவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2.7 கோடி ஏக்கரை உச்சவரம்பாக வைத்தது.

எல்லோரும் இதை மானியம் என்கிறார்கள். ஆனால் இனாமாக வரும் பணம் என்று எண்ணி உள்ளே வருபவர்களே பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். இது ஒரு குத்தகை. 10 முதல் 15 ஆண்டுகள் வரை அரசு உங்கள் குத்தகைதாரர். குத்தகைதாரர் பணம் தருவார். பராமரிக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்த விஷயத்தில் உங்களுக்குத் தடையில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அயோவா மாநிலச் சட்டம், குடியுரிமையும் நிரந்தர வசிப்புரிமையும் இல்லாதவர்கள் விளைநிலம் வாங்குவதையே பெரும்பாலும் தடுக்கிறது. அத்தகைய தடை இல்லாத வேறு மாநிலத்தில் வாங்கினாலும், கூட்டாட்சி அரசு அவர்களை அயல்நாட்டவராகவே கணக்கிடும். நிலம் கைக்கு வந்த 90 நாட்களுக்குள் வேளாண்துறைக்கு அறிவிக்க வேண்டும். நிலம், முதலீடு, சொந்த உடலுழைப்பு மூன்றையும் தாமே கொடுத்தால் ஒழிய, அரசின் வாடகையும் அவர்களுக்குக் கிடைக்காது. நகரத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்வது நடக்காத காரியம். கிரீன் கார்டு வரும்வரை காத்திருங்கள்.

அடுத்தது காலம். விண்ணப்பக் கெடு முடிவதற்கு முன் குறைந்தது 12 மாதங்கள் நிலம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அரசு வாடகைக்காகவே நிலத்தை வாங்கிப் போடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. முந்தைய உரிமையாளர் இறந்து வாரிசாக நிலம் வந்திருந்தால் விலக்கு உண்டு.

பிறகு நிலத்தின் வரலாறு. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் குறைந்தது நான்கு ஆண்டுகள் அந்த வயலில் பயிர் இருந்திருக்க வேண்டும். அதாவது உங்கள் காலத்துக்கு முந்தைய வரலாறு உங்களுக்கு வேண்டும். நிலம் விற்றவரிடம் அலைய வேண்டாம். அது கவுண்டி அலுவலகத்தின் பதிவில் இருக்கும். பயிரே இடாத மேய்ச்சல் நிலத்துக்கு இதே திட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அதன் வாடகை குறைவு, விதிகளும் வேறு. இந்தக் கட்டுரை பயிர் நிலத்தைப் பற்றியது.

வருமான வரம்பும் இருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் மூன்றாண்டு சராசரி நிகர வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாக இதில் சேர முடியாது. ஒருவருக்கு ஓராண்டில் கிடைக்கும் வாடகைக்கும் 50,000 டாலர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

கவுண்டி அலுவலகம்

வேளாண்துறையின் சேவை மையம் என்று ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் அலுவலகம் பொறுப்பில் இருக்கும். உள்ளே இரண்டு துறைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். எஃப்.எஸ்.ஏ. என்கிற பண்ணைச் சேவை முகமை ஒப்பந்தத்தையும் பணத்தையும் பார்க்கிறது. என்.ஆர்.சி.எஸ். என்கிற இயற்கை வளப் பாதுகாப்புத் துறை மண்ணையும் சரிவையும் பார்த்து, எதை எப்படி விதைக்க வேண்டும் என்று திட்டம் எழுதித் தருகிறது. இரண்டாவது துறை 1935இல், தெற்குச் சமவெளிகளைப் புழுதிப்புயல் மூடிய நாட்களில், மண் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் தொடங்கியது. ஹியூ ஹாமண்ட் பென்னட் அதன் முதல் தலைவர்.

போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்த கிரயப் பத்திரம், சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கையில் இருக்கட்டும். எல்.எல்.சி. பெயரில் நிலம் இருந்தால் நிறுவனத்தின் வரி எண்ணும், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரமும், யார் கையெழுத்திடலாம் என்று காட்டும் ஆவணமும் வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய நிலங்களில் இந்தக் கடைசிக் காகிதம்தான் பல வாரங்களை விழுங்குகிறது. வெளியூரில் இருந்து நிர்வகிப்பவர்கள் உள்ளூரில் நம்பிக்கையான ஒருவருக்கு எஃப்.எஸ்.ஏ. படிவத்திலேயே அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம்.

முதல் சந்திப்பில் உங்கள் நிலத்துக்குப் பண்ணை எண், துண்டு எண், வயல் எண் என்று மூன்று எண்கள் சொல்வார்கள். இனி எல்லாக் காகிதங்களும் அந்த எண்களில்தான் பேசும். வான்வழிப் படத்தின் மேல் வயல் எல்லைகள் வரைந்த வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மண் வரைபடமும் கேளுங்கள். கூடவே சில படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். ஏ.டி.-1026 என்பது எளிதில் அரிக்கும் நிலத்தையும் ஈரநிலத்தையும் விதி மீறி உழ மாட்டேன் என்ற உறுதிமொழி. சி.சி.சி.-902 பண்ணையை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைச் சொல்வது. சி.சி.சி.-941 வருமான வரம்புக்கானது. ஏ.டி.-1026ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். அது நீங்கள் விண்ணப்பிக்கும் வயலுக்கு மட்டுமானது அன்று. உங்களுக்கு எங்கெங்கே விளைநிலத்தில் பங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் செல்லும்.

கவுண்டியில் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவது, அந்த வட்டார விவசாயிகளே தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழு. அதன் உறுப்பினர்கள் பக்கத்து வயல்காரர்கள். உங்கள் நிலம் முன்னே எப்படி இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் மரியாதையோடு பழகுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

எந்த நிலத்தைக் கொடுப்பது?

முழு நிலத்தையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் வெளியூர் உரிமையாளருக்கு முதலில் தோன்றும். நான் அதற்கு எதிரானவன். மேட்டின் தலையில் இருக்கும் சமமான நல்ல மண் உணவு விளைய வேண்டிய இடம். அதற்கு அரசு தரும் வாடகையும் ஊரில் கிடைக்கும் குத்தகையை எட்டாது. சரிவு, ஓடைக்கரை, தண்ணீர் தேங்கும் மூலை, டிராக்டர் திரும்ப முடியாமல் கூம்பிப்போன ஓரம் ஆகியவற்றைக் கொடுங்கள். அங்கெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசு திரும்புவதில்லை.

வயலில் இப்போது குத்தகைக்குப் பயிரிடுபவர் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே அவரிடம் பேசுங்கள். அரசு வாடகைக்காகக் குத்தகைதாரரை வெளியேற்றுவதை விதி அனுமதிக்காது. அவருக்குரிய பங்கை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சரிவு அரிக்கிறது, எந்த மூலை விளையாது என்பதை எந்த வரைபடத்தையும்விட நன்றாக அறிந்தவரும் அவர்தான்.

உள்ளே போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பொதுச் சேர்க்கை. அரசு அறிவிக்கும் சில வாரங்களில் மட்டும் திறந்திருக்கும். முழு வயலாகக் கொடுக்கலாம். நாடு முழுவதிலுமிருந்து வரும் விண்ணப்பங்களோடு போட்டி. மற்றது தொடர் சேர்க்கை. ஓடைக்கரைப் புல்பட்டை, நீர் வடியும் தாழ்வில் புல்வழி, ஈரநில மீட்பு, வயலின் நடுவே பிரேரிப் பட்டைகள் (நாட்டுப் புல்லும் பூச்செடிகளும் விதைத்த கீற்றுகள்) போன்ற சின்ன, ஆனால் பலன் மிகுந்த இடங்களுக்கு உரியது. இதில் போட்டி இல்லை. ஒதுக்கீட்டில் இடம் இருக்கும்வரை, தகுதி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஊக்கத்தொகையும் சில வகைகளுக்கு உண்டு.

புதியவர்கள் தொடர் சேர்க்கையில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. குறிப்பாகப் பிரேரிப் பட்டை. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாஸ்பர் கவுண்டியில் உள்ள நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் பல ஆண்டுகள் இதை அளந்து பார்த்தார்கள். சரிவு வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நாட்டுப் புல்லுக்கு விட்டார்கள். அந்த வயல்கள் முழுவதும் பயிரிட்டவற்றைவிட இருபது மடங்கு மண்ணைத் தக்கவைத்தன; வழிந்தோடும் நீர் 37 விழுக்காடு குறைந்தது. மீதி ஒன்பது பங்கில் பயிர் வழக்கம்போல நடந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இது சி.பி.-43 என்ற எண்ணில் திட்டத்துக்குள் வந்தது.

பொதுச் சேர்க்கையில் மதிப்பெண்

போட்டியில் உங்கள் நிலத்துக்குச் சுற்றுச்சூழல் நன்மைக் குறியீடு என்ற மதிப்பெண் போடுவார்கள். காட்டுயிர்களுக்கு 100 வரை, நீரின் தரத்துக்கு 100 வரை, மண் அரிப்புக்கு 100 வரை, ஒப்பந்தம் முடிந்த பின்னும் நிலைக்கும் பலனுக்கு 50 வரை, காற்றின் தரத்துக்கு 45 வரை. கடைசியாகச் செலவு. அரிப்பு, நீர், காற்று மூன்றும் பெரும்பாலும் நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. உங்கள் கையில் இருப்பவை இரண்டு.

ஒன்று விதைக் கலவை. காட்டுயிர் மதிப்பெண்ணில் பாதிவரை நீங்கள் விதைக்கப்போகும் செடிகளைப் பொறுத்தது. வெளிநாட்டுப் புல் ஒன்றை மட்டும் போட்டால் மிகக் குறைவு. பிக் புளூஸ்டெம், லிட்டில் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற நாட்டுப் புற்களோடு பல வகைப் பூச்செடிகளையும் சேர்த்தால் மதிப்பெண் உயரும். விதைச் செலவும் உயரும் என்பதை மறக்க வேண்டாம்.

மற்றது வாடகை. உங்கள் வயலில் அதிகம் உள்ள மூன்று வகை மண்ணை வைத்து ஏக்கருக்கு உச்ச வாடகை ஒன்றைக் கணக்கிடுவார்கள். கவுண்டியின் சராசரிக் குத்தகையே அதற்கு அடிப்படை. 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சேர்க்கைக்கு அதில் 85 விழுக்காட்டையும் தொடர் சேர்க்கைக்கு 90 விழுக்காட்டையும் எல்லையாக வைத்தது. பொதுச் சேர்க்கையில் அந்த உச்சத்துக்குக் கீழே நீங்களே ஒரு தொகையைக் கேட்கலாம். குறைத்துக் கேட்டால் மதிப்பெண் கூடும். கணக்குக்காக, உச்ச வாடகை ஏக்கருக்கு 150 டாலர், கொடுப்பது 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 டாலர். ஏக்கருக்கு 5 டாலர் விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு இழப்பு 200 டாலர், பத்தாண்டில் 2,000. அரிப்பு மதிப்பெண் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் சரிவுக்கு இந்தத் தள்ளுபடி தேவையே இல்லாமல் போகலாம். மதிப்பெண் தாளை அலுவலரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்த பிறகு தொகையை எழுதுங்கள்.

கையெழுத்துக்கு முன்

சி.ஆர்.பி.-1 என்ற ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். அதோடு இணைந்து வரும் பின்னிணைப்புத்தான் உண்மையான ஒப்பந்தம். அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று படியுங்கள். இடையில் நீங்களாக முறித்தால், அதுவரை வாங்கிய வாடகை, விதைச் செலவில் அரசு தந்த பங்கு ஆகிய எல்லாவற்றையும் வட்டியோடு திருப்ப வேண்டும். அதற்கு மேல் ஓராண்டு வாடகையில் 25 விழுக்காடு இழப்பீடு. எட்டாவது ஆண்டில் முறித்தால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

நிலத்தை விற்றாலும் இது தொடரும். வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு தொடர்ந்தால் சிக்கல் இல்லை. அவர் மறுத்தால் திருப்பித் தரும் கடன் உங்கள் மேல் விழும். விற்பனைப் பத்திரத்திலேயே இதற்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கும் நிலத்தில் பழைய ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கவுண்டி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம்: ஒப்புதல் எழுத்தில் வரும்வரை நிலத்தைத் தொடாதீர்கள். ஆர்வத்தில் முன்கூட்டியே விதை வாங்கித் தூவினால், செலவில் பாதிவரை அரசு ஏற்கும் பங்கு கிடைக்காமல் போகும்.

விதைப்பும் முதல் மூன்று ஆண்டுகளும்

விதையைத் தெரிந்த வணிகரிடம், பரிசோதனைச் சீட்டோடு வாங்குங்கள். 2016இல் அயோவாவில் இத்தகைய பாதுகாப்பு வயல்களில் விதைத்த கலவைகளோடு பால்மர் அமரந்த் என்ற கொடிய களை கலந்து வந்து பல கவுண்டிகளில் பரவிவிட்டது. நம் ஊர் முள்ளுக்கீரையின் இனம்தான். ஆனால் ஒரு செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும், பல களைக்கொல்லிகளுக்கு மசியாது. பரிசோதனைச் சீட்டில் அந்தப் பெயர் இல்லை என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சோயா அறுத்த வயல் விதைப்புக்கு மிகவும் ஏற்றது. மண் இறுகியிருக்க வேண்டும். வயலில் நடந்து பாருங்கள்: செருப்புத் தடம் லேசாகப் பதிந்தால் சரி, குதிகால் புதைந்தால் மண் இன்னும் பொலபொலப்பாக இருக்கிறது, உருளை ஓட்ட வேண்டும். நாட்டுப் புல் விதை கால் அங்குலத்துக்குக் கீழே போனால் பல விதைகள் மேலே வராது. பஞ்சுபோல் மயிர் ஒட்டிய இந்த விதைகள் சாதாரண விதைப்புக் கருவியில் அடைத்துக்கொள்ளும். இதற்கென்று தனிக் கருவி உண்டு, வாடகைக்குக் கிடைக்கும். நவம்பரில் மண் குளிர்ந்த பிறகு விதைத்தால் பனியும் உறைவும் விதையை மண்ணோடு இறுக்கிவிடும். பூச்செடி அதிகமுள்ள கலவைக்கு இது நல்லது. இல்லையென்றால் வசந்தத்தில் விதைக்கலாம்.

முதல் கோடையில் வயலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இடுப்பு உயரத்துக்குக் களை மட்டுமே நிற்கும். குனிந்து களையை விலக்கிப் பாருங்கள். நூல் போன்ற இலைகள் இரண்டு மூன்று, விரல் நீளத்தில், அங்கங்கே தெரியும். அவைதான் நீங்கள் விதைத்தவை. மேலே விரல் நீளம். கீழே வேர் அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு தாவும் என்று பிரேரிக்காரர்கள் சொல்வது அனுபவ உண்மை. முதல் ஆண்டில் களை முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெளிச்சம் கீழே இறங்கினால் நாற்றுகள் பிழைக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் உழுதுவிட்டு மறுபடி விதைப்பவர்கள் செலவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். அலுவலரை அழைத்து வயலைக் காட்டிய பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.

செடி நிலைத்த பிறகு வெட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் காலம். இந்தக் காலத்தில், களை பிடித்த இடத்தை முன் அனுமதியோடு வெட்டுவது தவிர, வயலில் இயந்திரம் ஓடக் கூடாது. ஃபெசண்ட், பாப்வொயிட் காடை, மெடோலார்க் எல்லாம் தரையில் முட்டையிடுபவை. ரிங்கோல்ட் கவுண்டியின் கெல்லர்டன் பகுதியில் அயோவாவிலிருந்து அற்றுப்போன பிரேரிக் கோழியை மீண்டும் குடியேற்றியிருக்கிறார்கள்; வசந்த காலத்து விடியலில் சேவல்கள் கழுத்துப் பையை ஊதி முழங்குவதைக் கேட்கலாம். உங்கள் புல்வெளி அவற்றின் எல்லைக்குள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதற்கேற்ற கலவையைக் கேட்டு விதையுங்கள்.

அறியாமல் செய்யும் மீறல்களில் அதிகம் நடப்பது, ஓடைக்கரைப் புல்பட்டையை வண்டிப்பாதையாக்குவது. பக்கத்து வயலில் அறுவடை நடக்கும்போது டிராக்டர் அங்கே திரும்பும், லாரி நிற்கும், வைக்கோல் உருளைகளை இறக்கி வைப்பார்கள். எல்லாமே மீறல். பக்கத்து வயலைப் பயிரிடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஓரத்தில் குச்சி நட்டு எல்லை காட்டுங்கள். அனுமதியின்றிப் புல் அறுப்பதும் மாடு மேய்ப்பதும் கூடாது. கடும் வறட்சி அறிவிக்கப்பட்டால் எழுதிக் கேட்டு அனுமதி பெறலாம். வேட்டைக்குத் தடையில்லை, வேட்டைக் குத்தகைக்கு விடவும் செய்யலாம்.

ஆண்டுதோறும்

எந்த வயலில் எத்தனை ஏக்கரில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஏக்கர் அறிக்கையை ஜூலை 15க்குள் கவுண்டி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வெளியூர் உரிமையாளர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மறந்தால் அந்த ஆண்டு வாடகைக்கே ஆபத்து. ஒப்பந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும். வாடகையும் அக்டோபரில், முடிந்த ஆண்டுக்காக, வங்கிக் கணக்கில் வரும். நில வரியை வழக்கம்போல நீங்கள்தான் கட்ட வேண்டும்.

வருமான வரிக்கு 1099-ஜி படிவம் வரும். வாடகை என்ற பெயர் இருப்பதால் வீட்டு வாடகைபோல எழுதிவிட முடியாது. வரித்துறை இதைப் பெரும்பாலும் சுயதொழில் வருமானமாகவே கொள்கிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமோ ஊனமுற்றோர் உதவியோ பெறுபவர்களுக்குச் சுயதொழில் வரியிலிருந்து விலக்கு உண்டு. பண்ணைக் கணக்குப் பார்க்கும் வரி ஆலோசகரிடம் முதல் ஆண்டிலேயே போங்கள்.

ஒப்பந்தம் முடியும்போது

முடிவதற்கு ஓராண்டு முன்பே யோசிக்கத் தொடங்குங்கள். மறுபடி சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மீண்டும் போட்டிதான். உழவுக்குத் திருப்பலாம். ஆனால் அரிக்கும் நிலம் என்று குறித்திருந்தால் என்.ஆர்.சி.எஸ். ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் உழுதால், ஏ.டி.-1026இல் போட்ட கையெழுத்தால் மற்ற அரசு உதவிகளும் நின்றுபோகும். புல்லை அப்படியே வைத்து வேலி போட்டு மாடு மேய்ப்பது, இந்தச் சரிவுகளுக்கு மிகவும் பொருந்தும் வழி. புதிதாக விவசாயத்துக்கு வரும் ஒருவருக்கோ முன்னாள் படைவீரருக்கோ நிலத்தை விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ தயாராக இருந்தால், நிலமாற்ற ஊக்கத் திட்டத்தின்கீழ் மேலும் இரண்டு ஆண்டு வாடகை வரை கிடைக்கும். அதற்கு மனு ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே போக வேண்டும். தேதியை அலுவலகத்தில் கேட்டு இப்போதே குறித்து வையுங்கள்.